ஆரம்பப் பிரிவு மாணவரின் நன்னடத்தையும் ஆலோசனை ஆசிரியரின் பணியும்

அறிமுகம்

தரம் 1 இலிருந்து தரம் 5 வரையான காலம் ஆரம்பக் கல்விக் காலம் எனப்படும். வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றுடன் வரிசையில் நிற்றல், பகிர்ந்து உண்ணல், கோபத்தை அடக்கல், தோல்வியை ஏற்றல் என்பனவற்றையும் பிள்ளை இக்காலத்திலேயே கற்கின்றது. முன்னைய திறன்களைக் கற்பிக்கப் பாடநூல் உண்டு. பின்னையவற்றைக் கற்பிப்பது யார், எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

இவ்விடயம் சுகாதாரமும் உடற்கல்வியும், குடியுரிமைக் கல்வி ஆகிய பாடங்களைக் கற்கையில் உங்களுக்குப் பயன்படும். தமிழ்மொழிப் பாடத்தில் கட்டுரை எழுதுவதற்கும் உதவும். உங்களிற் பலர் மாணவத் தலைவர்களாகவும், வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பிள்ளைகளாகவும் இருப்பதால், பரீட்சைக்கு அப்பாலும் இதன் பயன் உண்டு.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,

1. வழிகாட்டல், ஆலோசனை ஆகிய எண்ணக்கருக்களை வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
2. பிள்ளையின் பிறழ்வான நடத்தைக்கான காரணங்களை வகைப்படுத்துவீர்கள்.
3. நன்னடத்தையை வளர்ப்பதில் ஆலோசனை ஆசிரியரின் பணிகளை உதாரணங்களுடன் விளக்குவீர்கள்.
4. உடல் தண்டனை ஏன் தவிர்க்கப்பட வேண்டும் என்பதற்குக் காரணம் கூறுவீர்கள்.

1. அடிப்படை எண்ணக்கருக்கள்

நடத்தை: ஒருவர் சூழலுக்குத் துலங்கும் விதம் நடத்தை எனப்படும். அது பிறரால் அவதானிக்கக்கூடியது. “அவன் கெட்டவன்” என்பது நடத்தை அன்று, அது ஒரு முத்திரை. “அவன் இடைவேளையில் மற்றவர்களைத் தள்ளினான்” என்பதே நடத்தையைக் கூறும் வாக்கியம். முத்திரையை மாற்ற முடியாது, நடத்தையை மாற்றலாம். ஆலோசனையின் அடிப்படை இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

நன்னடத்தை: தனக்கும் பிறருக்கும் தீங்கு விளைவிக்காது, கற்றலுக்கும் கூடிவாழ்தலுக்கும் துணைசெய்யும் நடத்தை நன்னடத்தையாகும். அமைதியாக இருத்தல் மட்டும் நன்னடத்தை ஆகாது. அச்சத்தினால் வாய்திறவாது இருக்கும் பிள்ளையும் உதவி தேவைப்படும் பிள்ளையே.

வழிகாட்டல்: ஒரு மாணவர் தமது ஆற்றல்களை அறிந்து, பொருத்தமான தீர்மானங்களை எடுப்பதற்கு வழங்கப்படும் பொதுவான உதவி வழிகாட்டல் எனப்படும். இது முழு வகுப்புக்கும் வழங்கப்படலாம்.

ஆலோசனை: பிரச்சினை ஒன்றை எதிர்நோக்கும் ஒருவர் அதனைத் தாமே விளங்கி, தாமே தீர்வு காண்பதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் நேரடியாக வழங்கும் உதவி ஆலோசனை எனப்படும். பெரும்பாலும் இது தனியாகவோ சிறு குழுவாகவோ நடைபெறும்.

ஆலோசனை என்ற சொல்லுக்குப் பதிலாக உளவளத்துணை, ஆற்றுப்படுத்தல், சீர்மியம் ஆகிய சொற்களும் எமது நாட்டில் வழங்குகின்றன. ஆறு என்பது வழி. பரிசு பெற்று வரும் கலைஞன் தன் எதிரே வரும் வறிய கலைஞனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவதாக அமையும் நூல்கள் ஆற்றுப்படை எனப்பட்டன. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின. வழியைக் கூறுவது ஒருவர், நடந்து செல்வது மற்றவர். ஆலோசனையின் இயல்பும் இதுவே.

குறிப்பு: “ஆலோசனை என்றால் புத்திமதி கூறுதல்” என எழுதுவது மாணவர் விடைகளில் அடிக்கடி காணப்படும் தவறாகும். புத்திமதி கூறுபவர் அதிகம் பேசுவார். ஆலோசனை வழங்குபவர் அதிகம் செவிமடுப்பார்.

2. தோற்றமும் வளர்ச்சியும்

பாடசாலை வழிகாட்டல் இயக்கத்தின் முன்னோடியாக ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பிராங்க் பார்சன்ஸ் குறிப்பிடப்படுகின்றார். அவர் 1908 இல் பொஸ்ரன் நகரில் தொழில் வழிகாட்டல் பணியகம் ஒன்றை ஆரம்பித்தார். எனவே தொடக்கத்தில் இப்பணி வளர்ந்த மாணவரின் தொழில் தெரிவையே நோக்காகக் கொண்டிருந்தது.

1952 இல் அமெரிக்கப் பாடசாலை ஆலோசகர் சங்கம் தோன்றியது. 1957 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செய்மதியை ஏவியதைத் தொடர்ந்து, 1958 இல் அமெரிக்காவில் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. திறமையான மாணவரை இனங்காண்பதற்காக இடைநிலைப் பாடசாலை ஆலோசகர்களுக்கு இதன்மூலம் நிதி கிடைத்தது. 1964 இல் செய்யப்பட்ட திருத்தம் இவ்வுதவியை ஆரம்பப் பாடசாலைகளுக்கும் விரிவாக்கியது. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்பதே மேற்படி சங்கம் பரிந்துரைக்கும் விகிதமாகும்.

இலங்கைப் பாடசாலைகளில் இப்பணியை வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர்கள் ஆற்றுகின்றனர். நீண்டகால யுத்தமும் 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையும் பிள்ளைகளின் மனங்களில் ஏற்படுத்திய பாதிப்பு, குறிப்பாக வடக்கு கிழக்கில், இச்சேவையின் தேவையை எல்லோரும் உணரச் செய்தது.

எல்லாப் பாடசாலைகளிலும் இதற்கென முழுநேர ஆசிரியர் ஒருவர் இல்லை. ஆரம்பப் பிரிவில் நாள் முழுவதும் பிள்ளைகளுடன் இருப்பவர் வகுப்பாசிரியரே. ஆகவே பல இடங்களில் ஆலோசனையின் முதற்கட்டப் பணி அவருடைய கையிலேயே உள்ளது.

3. ஆரம்பப் பிரிவில் ஆலோசனை ஏன் முக்கியமானது?

(அ) ஆளுமை உருவாகும் பருவம்: உளவியலாளர் எரிக் எரிக்சன் ஏறத்தாழ 6 முதல் 12 வரையான வயதை “உழைப்பூக்கம் எதிர் தாழ்வுணர்வு” என்ற பருவமாகக் காட்டினார். “என்னால் முடியும்” என்ற எண்ணம் அல்லது “நான் எதற்கும் உதவாதவன்” என்ற எண்ணம் இப்பருவத்தில் வேரூன்றுகின்றது.

(ஆ) சிந்தனையின் இயல்பு: ஜீன் பியாஜேயின் கருத்துப்படி ஏறத்தாழ 7 முதல் 11 வயதுவரை பிள்ளை கண்ணால் காணக்கூடிய, கையால் தொடக்கூடிய பொருள்களைக் கொண்டே தர்க்கரீதியாகச் சிந்திக்கின்றது. “உன் மனதில் என்ன இருக்கின்றது?” என்ற வினாவுக்கு அதனால் விடை கூற முடியாதிருக்கலாம். ஆனால் படமாக வரையவும், பொம்மையைக் கொண்டு நடித்துக்காட்டவும் முடியும். எனவே சிறுவருக்கான ஆலோசனை பெரியவர்களுக்கான ஆலோசனையிலிருந்து வேறுபட்டது.

(இ) முன்கூட்டியே தடுத்தல்: பழக்கம் நிலைபெறுவதற்கு முன் அதனை மாற்றுவது இலகு. தரம் 3 இல் கவனிக்கப்படாத சிறு சண்டை தரம் 9 இல் பாடசாலையை விட்டு விலகுதலில் முடியலாம்.

4. பிறழ்வான நடத்தைக்கான காரணங்கள்

பிள்ளையின் ஒவ்வொரு நடத்தைக்கும் ஒரு காரணம் உண்டு. சொல்லத் தெரியாத ஒன்றை அது நடத்தையால் சொல்கின்றது எனலாம். காரணங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

உடல் சார்ந்தவை: பசி, தூக்கமின்மை, நோய், பார்வை மற்றும் கேட்டற் குறைபாடு. கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளை பக்கத்திலுள்ளவரின் கொப்பியை எட்டிப்பார்க்கும். ஆசிரியர் அதைக் குழப்படி என எண்ணலாம்.

குடும்பம் சார்ந்தவை: பெற்றோரின் பிரிவு, மரணம், வெளிநாட்டு வேலை, மதுப் பாவனை, வறுமை, அளவுக்கு மீறிய கண்டிப்பு அல்லது செல்லம்.

பாடசாலை சார்ந்தவை: பாடம் விளங்காமை, மற்றவர்களோடு ஒப்பிடப்படல், வகைதொகையற்ற போட்டி, பகிடி பண்ணப்படல், ஆசிரியரின் கடுஞ்சொல். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை சில பிள்ளைகளுக்குப் பெரும் மனச்சுமையாகி விடுவதும் இதனுள் அடங்கும்.

உளம் சார்ந்தவை: அச்சம், இழப்பு, கவனத்தைப் பெறும் விருப்பு, கவனக்குறைபாட்டு நிலைமை, கற்றல் இடர்ப்பாடு.

ஒரே நடத்தைக்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். வீட்டுவேலை செய்யாது வரும் மூவரில் ஒருவருக்குப் பாடம் விளங்கியிராது, மற்றவருக்கு வீட்டில் மின்விளக்கு இராது, மூன்றாமவருக்கு விளையாட்டு ஆர்வம் மிகுந்திருக்கும். மூவருக்கும் ஒரே தண்டனை வழங்கினால் எவருடைய பிரச்சினையும் தீராது.

5. ஆலோசனை ஆசிரியரின் பணிகள்

இப்பணிகளை மூன்று மட்டங்களாகப் பிரித்து நோக்குவது இலகுவானது.

முதலாம் மட்டம்: எல்லா மாணவருக்குமான பணி

(1) வகுப்பு விதிகளைப் பிள்ளைகளுடன் சேர்ந்து ஆக்குதல். விதிகள் நான்கு அல்லது ஐந்தாகவும், செய்ய வேண்டியதைக் கூறுவனவாகவும் இருத்தல் வேண்டும். “ஓடாதே” என்பதிலும் “விறாந்தையில் நடந்து செல்வோம்” என்பது சிறந்தது. முன்னையது எதைச் செய்யக்கூடாது என்பதை மட்டும் கூறும். பின்னையது எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கற்பிக்கும்.
(2) கதை, பாட்டு, நாடகம், விளையாட்டு ஆகியவற்றின் மூலம் உணர்ச்சிகளுக்குப் பெயரிடப் பழக்குதல். “எனக்குக் கோபம் வருகின்றது” எனச் சொல்லத் தெரிந்த பிள்ளை கையை ஓங்குவது குறையும்.
(3) நல்ல செயல்களைக் கண்டு பாராட்டும் வழக்கத்தை ஆசிரியர்களிடையே ஏற்படுத்துதல்.

இரண்டாம் மட்டம்: சிறு குழுக்களுக்கான பணி

புதிதாகச் சேர்ந்த மாணவர், அடிக்கடி சண்டையிடுவோர், கூச்ச சுபாவம் உடையோர், அண்மையில் இழப்பைச் சந்தித்தோர் ஆகியோரை ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாக்கி நட்பு, பகிர்வு, கோபத்தைக் கையாளல் போன்ற திறன்களைப் பயிற்றுவித்தல்.

மூன்றாம் மட்டம்: தனி மாணவருக்கான பணி

(1) நடத்தையை அவதானித்துப் பதிவு செய்தல்.
(2) பிள்ளையுடன் தனியாகக் கதைத்தலும் செவிமடுத்தலும்.
(3) பெற்றோரையும் வகுப்பாசிரியரையும் சந்தித்துத் திட்டம் ஒன்றைத் தயாரித்தல்.
(4) தேவையேற்படின் வைத்தியர், உளநல நிபுணர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் ஆகியோரிடம் ஆற்றுப்படுத்துதல்.
(5) முன்னேற்றத்தைத் தொடர்ந்து கண்காணித்தல்.

முதலாம் மட்டப் பணி நன்கு நடைபெறும் பாடசாலையில் மூன்றாம் மட்டத்துக்கு வரும் பிள்ளைகளின் தொகை குறையும்.

6. நன்னடத்தையை வளர்க்கும் முறைகள்

(அ) மீளவலியுறுத்தல்: ஒரு நடத்தையைத் தொடர்ந்து இனிய விளைவு கிடைத்தால் அந்நடத்தை மீண்டும் நிகழும் வாய்ப்புக் கூடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எப். ஸ்கின்னர் (1904 - 1990) விளக்கினார். பாராட்டு, புன்னகை, ஒரு பொறுப்பை ஒப்படைத்தல் என்பன நேர் மீளவலியுறுத்திகளாகும்.

பாராட்டும்போது செயலைக் குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும். “நல்ல பிள்ளை” என்பதிலும் “விழுந்த தம்பியைத் தூக்கிவிட்டாய், அது நல்ல செயல்” என்பது பயன் மிக்கது. எதனை மீண்டும் செய்ய வேண்டும் என்பது பிள்ளைக்கு அப்போதுதான் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டிலும் வகுப்பிலும் கவனிக்கப்படாத பிள்ளை குழப்படி செய்யும்போது மட்டும் ஆசிரியர் அதன் பெயரைச் சொல்லி அழைத்தால், அந்த ஏச்சே அதற்கு ஒரு பரிசாகிவிடலாம். குறைக்க நினைத்த நடத்தை கூடுவதற்கு இது ஒரு காரணமாகும்.

குறிப்பு: எதிர் மீளவலியுறுத்தலும் தண்டனையும் ஒன்றல்ல. எதிர் மீளவலியுறுத்தலில் விரும்பத்தகாத ஒன்று நீக்கப்படுவதால் நடத்தை கூடுகின்றது. உதாரணம்: வகுப்பில் வேலையை முடித்தவருக்கு வீட்டுவேலை இல்லை எனல். தண்டனையின் நோக்கம் நடத்தையைக் குறைத்தலாகும்.

(ஆ) முன்மாதிரி: அல்பேர்ட் பண்டுராவும் அவரது குழுவினரும் 1961 இல் 72 பாலர்களைக் கொண்டு ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். வளர்ந்தவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைக் கண்ட பிள்ளைகள், அதைக் காணாத பிள்ளைகளை விடக் கூடுதலாக அடித்தலைப் பின்பற்றினர். சொல்வதை விடச் செய்வதையே பிள்ளை கற்கின்றது. “மற்றவர்களுக்கு அடிக்காதே” எனக் கூறிக்கொண்டே அடிக்கும் பெரியவரிடமிருந்து பிள்ளை எதைக் கற்கும் என்பதைச் சிந்தியுங்கள்.

(இ) ஏற்பும் ஒத்துணர்வும்: கார்ள் றொஜர்ஸ் என்பவர் ஆலோசகருக்கு மூன்று அடிப்படைப் பண்புகள் வேண்டும் என்றார். அவை நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு, உண்மைத்தன்மை என்பனவாகும். பிள்ளையை ஏற்றல் என்பது அதன் பிழையான செயலை ஏற்றல் அன்று. “நீ செய்தது பிழை, ஆனாலும் நீ எங்களுக்கு வேண்டிய பிள்ளை” என்ற இரண்டையும் ஒருங்கே உணர்த்துவதே ஏற்பு.

(ஈ) இயல்பான விளைவை அனுபவிக்கச் செய்தல்: தண்ணீரைக் கொட்டியவர் துடைக்கட்டும். நண்பனின் படத்தைக் கிழித்தவர் ஒட்டிக்கொடுக்க உதவட்டும். செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பு இருக்கும்போது பிள்ளை பொறுப்பைக் கற்கின்றது. தண்ணீர் கொட்டியதற்கு முழங்காலில் நிற்க விடுவதில் அத்தகைய தொடர்பு எதுவும் இல்லை.

7. சம்பவ ஆய்வு

பின்வருவது பயிற்சிக்காக ஆக்கப்பட்ட சம்பவமாகும். கவனமாக வாசியுங்கள்.

தரம் 4 மாணவன் ஒருவன் இரண்டாம் தவணை தொடங்கியதிலிருந்து மற்றவர்களைத் தள்ளுகின்றான், சாப்பாட்டுப் பெட்டிகளைப் பறிக்கின்றான். வகுப்பாசிரியர் அவனைப் பலமுறை வெளியே நிறுத்தியும் பயனில்லை. “இவனைத் திருத்த ஏலாது” என்று ஏனைய ஆசிரியர்களும் கூறத் தொடங்கினர். விடயம் ஆலோசனை ஆசிரியையிடம் வந்தது.

ஆசிரியை அவனை உடனே அழைத்து விசாரிக்கவில்லை. ஒரு வாரம் அவதானித்து ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று விடயங்களை எழுதினார். அதற்கு முன் என்ன நடந்தது? அவன் என்ன செய்தான்? அதன்பின் என்ன நடந்தது? அந்த வாரத்தில் 11 சம்பவங்கள் பதிவாகின. அவற்றில் 5 இடைவேளைக்கு முந்திய பாடவேளையிலும், 4 இடைவேளையிலும், 2 ஏனைய நேரங்களிலும் நிகழ்ந்தவை.

நேரத்தைப் பார்த்ததும் ஆசிரியைக்குப் பசி பற்றிய ஐயம் எழுந்தது. அவனை அழைத்து, “உங்கட வீட்டைக் கீறிக் காட்டுங்கோ” என்று தாளும் வர்ணப் பென்சில்களும் கொடுத்தார். அவன் வீட்டையும் அம்மம்மாவையும் தன்னையும் வரைந்தான். தாளின் மூலையில் சிறியதாக ஒரு விமானம். “இதுக்குள்ள ஆர்?” என்று கேட்டபோது, “அம்மா” என்றான்.

தாய் இரண்டு மாதங்களுக்கு முன் மத்திய கிழக்கு நாடொன்றுக்கு வேலைக்குச் சென்றிருந்தார். வயது முதிர்ந்த அம்மம்மாவால் காலையில் சமைக்க முடிவதில்லை. ஏனைய பிள்ளைகள் தாய்மார் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் திறக்கும் நேரம் அவனுக்குப் பசியும் ஏக்கமும் சேர்ந்து வரும் நேரமாக இருந்தது.

அதிபர், வகுப்பாசிரியர், அம்மம்மா ஆகியோருடன் கலந்து பின்வரும் திட்டம் தயாரிக்கப்பட்டது.

1. காலையில் அவனுக்கு உணவு கிடைக்க ஒழுங்கு செய்தல்.
2. வகுப்பாசிரியர் நாள்தோறும் காலையில் அவனுடைய பெயரைச் சொல்லி வரவேற்றல்.
3. இடைவேளையில் கை கழுவும் இடத்துக்குத் தண்ணீர் நிரப்பும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தல்.
4. ஞாயிறு தோறும் தாயுடன் தொலைபேசியில் கதைக்க வீட்டில் ஒழுங்கு செய்தல், வகுப்பில் வரைந்த படங்களைத் தாய்க்குச் சேர்த்து வைத்தல்.
5. வாரம் ஒருமுறை ஆலோசனை ஆசிரியையைச் சந்தித்தல்.
6. யாரையாவது தள்ளினால் அவரிடம் சென்று உதவி செய்தல் என்ற விதியை அவனும் ஏற்றுக்கொள்ளல்.

நான்காம் வாரத்தில் சம்பவங்கள் 6 ஆகக் குறைந்தன. ஆறாம் வாரம் தாயின் அழைப்பு வரவில்லை. அவ்வாரம் சம்பவங்கள் மீண்டும் 8 ஆகின. “பார்த்தீர்களா, பழையபடிதான்” என்றார் ஒருவர். ஆலோசனை ஆசிரியை பதிவுப் புத்தகத்தைக் காட்டி, அழைப்பு வராத வாரத்தில்தான் கூடியுள்ளது என விளக்கினார். திட்டம் கைவிடப்படவில்லை. பத்தாம் வாரம் 2 சம்பவங்களே பதிவாகின.

இச்சம்பவத்திலிருந்து நாம் கற்பவை:

(i) நடத்தையை நேரத்துடனும் இடத்துடனும் பதிவு செய்தால் காரணம் வெளிப்படும்.
(ii) ஆலோசனை ஆசிரியர் தனித்து இயங்குபவர் அல்லர். வீடும் பாடசாலையும் இணைந்தே மாற்றத்தை ஏற்படுத்தின.
(iii) முன்னேற்றம் நேர்கோடாக அமையாது. இடையில் ஏற்படும் பின்னடைவு தோல்வி அன்று.
(iv) தாயின் இழப்பை ஆசிரியையால் ஈடுசெய்ய முடியவில்லை. ஆனால் அதனைத் தாங்குவதற்குப் பிள்ளைக்குத் துணை கிடைத்தது.

8. தண்டனையும் சட்டமும்

உடல் தண்டனை நடத்தையை உடனடியாக நிறுத்தலாம். ஆனால் சரியான நடத்தை எது என்பதை அது கற்பிப்பதில்லை. தண்டிப்பவர் இல்லாத இடத்தில் பழைய நடத்தை திரும்பும். பொய் சொல்லுதல், பாடசாலைக்கு வராதிருத்தல், மனவடு, உடற்காயம் என்பன அதன் பக்கவிளைவுகளாகும். மேலே கண்ட மாணவன் பசிக்காக அடிக்கப்பட்டிருப்பான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பரீட்சைக்கு நினைவிற் கொள்ள வேண்டிய விடயங்கள்:

1989 - சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையால் நவம்பர் 20 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 12 ஆம் உறுப்புரை பிள்ளையின் கருத்துக்கு மதிப்பளித்தல் பற்றியும், 19 ஆம் உறுப்புரை வன்முறையிலிருந்து பாதுகாத்தல் பற்றியும் கூறுகின்றன. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கௌரவத்துக்கு இசைவாக இருத்தல் வேண்டும் என்பது 28 ஆம் உறுப்புரையில் உள்ளது.
1991 - இலங்கை இச்சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது.
1998 - 50 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை அமைக்க வழிசெய்யப்பட்டது.
2005 - கல்வி அமைச்சின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. 2016 இன் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் பாடசாலை ஒழுக்கம் பற்றியதே.
2021 - மாணவர் ஒருவரை ஆசிரியர் கன்னத்தில் அறைந்தமை, அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை வழங்கும் பாதுகாப்பை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடு வழங்குமாறு கட்டளையிட்டது.

தண்டனையைத் தவிர்த்தல் என்பது கட்டுப்பாட்டைக் கைவிடுதல் அன்று. விதிகள் இருக்கும், விளைவுகளும் இருக்கும். அவமானமும் வலியும் இரா.

9. ஆலோசனை ஆசிரியரிடம் இருக்க வேண்டிய பண்புகள்

பொறுமை, பக்கச்சார்பின்மை, செவிமடுக்கும் திறன், அவதானிப்பு, இரகசியம் பேணல் என்பன முக்கியமானவை. இவற்றுள் இரகசியம் பேணல் பற்றித் தெளிவான விளக்கம் வேண்டும். பிள்ளை கூறியதை ஆசிரியர் ஓய்வறையில் கதையாக்குதல் பெரும் தவறாகும். எனினும் இரகசியத்துக்கும் எல்லை உண்டு. பிள்ளை துன்புறுத்தப்படுகின்றது என அறியும்போதும், பிள்ளை தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் அபாயம் உள்ளபோதும் உரியவர்களுக்கு அறிவித்தே ஆகவேண்டும். “யாருக்கும் சொல்லமாட்டேன்” என வாக்களிக்காது, “உன்னைப் பாதுகாக்கத் தேவையானவர்களுக்கு மட்டும் சொல்வேன்” எனக் கூறுவதே முறையாகும்.

10. எதிர்நோக்கும் சவால்கள்

(1) ஆலோசனை ஆசிரியருக்கு ஏனைய பாடவேளைகளும் ஒதுக்கப்படுவதால் நேரம் போதாமை.
(2) தனியாகக் கதைப்பதற்கு அறை இல்லாமை.
(3) “ஆலோசனைக்குப் போவது மனநோயாளர்” என்ற தவறான எண்ணம்.
(4) பெற்றோரின் ஒத்துழைப்பின்மை. வேலைக்குச் செல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையிலுள்ள பெற்றோரைக் குறைகூற முடியாது. அவர்களுக்கு வசதியான நேரத்தில் சந்திப்பை ஒழுங்கு செய்தல் வேண்டும்.
(5) விரைவான பலனை எதிர்பார்த்தல்.

11. மாதிரி வினாக்கள்

அ. பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. பின்வருவனவற்றுள் நடத்தையைக் கூறும் வாக்கியம் எது?
(1) அவள் சோம்பேறி (2) அவன் முரடன் (3) அவள் மூன்று நாள்கள் வீட்டுவேலை செய்யவில்லை (4) அவன் திருந்தமாட்டான்

2. சிறுவருக்கு ஆலோசனை வழங்குகையில் படம் வரைதல் பயன்படுத்தப்படுவதற்கான பிரதான காரணம்,
(1) நேரத்தைப் போக்கல் (2) உணர்வுகளைச் சொல்லால் வெளிப்படுத்த இயலாமை (3) சித்திரத் திறனை அளத்தல் (4) பரிசு வழங்கல்

3. “வேலையை முடித்தவருக்கு வீட்டுவேலை இல்லை” என்பது,
(1) தண்டனை (2) நேர் மீளவலியுறுத்தல் (3) எதிர் மீளவலியுறுத்தல் (4) முன்மாதிரி

விடைகள்: 1 - (3), 2 - (2), 3 - (3)

ஆ. அமைப்புக் கட்டுரை வினா

தரம் 2 மாணவி ஒருத்தி வகுப்பில் எவருடனும் பேசுவதில்லை. குழப்படி எதுவும் செய்வதில்லை. “மிக நல்ல பிள்ளை” என அவளைப் பாராட்டுகின்றனர்.

(i) இப்பாராட்டு ஏன் பொருத்தமற்றதாக இருக்கலாம்?
(ii) இந்நடத்தைக்குரிய மூன்று காரணங்களை எழுதுக.
(iii) ஆலோசனை ஆசிரியர் எடுக்கக்கூடிய இரண்டு நடவடிக்கைகளை விளக்குக.

விடைக் குறிப்பு: (i) அமைதி எப்போதும் நன்னடத்தையின் அடையாளம் அன்று, அச்சம் அல்லது துயரத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். (ii) கேட்டற் குறைபாடு, வீட்டில் ஏற்பட்ட இழப்பு அல்லது அச்சம், பகிடி பண்ணப்படல். (iii) கேட்டற் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்தல், பெற்றோரைச் சந்தித்து வீட்டில் பேசுகின்றாளா என அறிதல், ஓரிரு பிள்ளைகளுடன் சேர்ந்து விளையாடும் வாய்ப்பை ஏற்படுத்தல். இரண்டை எழுதி ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறினால் முழுப் புள்ளியும் கிடைக்கும்.

12. உங்களுக்காக

மாணவத் தலைவர்களாக இருப்போர் சிறு பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என எண்ணக்கூடாது. சண்டையைக் கண்டால் பிரித்துவிடுங்கள், இருவரையும் கேளுங்கள், பொறுப்பாசிரியருக்கு அறிவியுங்கள். தனியாக இருக்கும் பிள்ளையின் பெயரைக் கேட்டு ஒரு வார்த்தை கதையுங்கள்.

ஆலோசனை சிறு பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. பரீட்சைப் பயம், வீட்டுப் பிரச்சினை, ஒருவரின் தொந்தரவு என எதுவாயினும் நீங்களும் நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரை நாடலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உதவி கேட்பது பலவீனம் அன்று.

சுருக்கம்

நடத்தை வேறு, பிள்ளை வேறு. ஒவ்வொரு நடத்தைக்கும் காரணம் உண்டு. அக்காரணத்தைப் பொறுமையுடன் தேடி, வீட்டையும் பாடசாலையையும் இணைத்து, சரியான நடத்தையைக் கற்பித்து, அதனைப் பாராட்டி நிலைபெறச் செய்வதே ஆலோசனை ஆசிரியரின் பணியாகும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கக் கற்பிக்கின்றோம். நடக்கத் தெரியாத பிள்ளைக்கு நடக்கக் கற்பிக்கின்றோம். பிறருடன் நடந்துகொள்ளத் தெரியாத பிள்ளைக்கும் கற்பிக்கவே வேண்டும்.